இறக்கைத் தகடு எப்போது எழ வேண்டும்?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐப்பசி மழையில் மதுரையில் வந்து இறங்கினேன். இறக்கைக்கு நேராக ஜன்னல் சீட். டயர் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் இருந்த தகடுகள் சடாரென்று எழுந்து நின்றன. அதைத் தூக்கியது பைலட்டா, கம்ப்யூட்டரா? கம்ப்யூட்டர் என்றால், வானத்திலேயே தூக்கிவிடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

கம்ப்யூட்டர்தான். பைலட் முன்கூட்டியே ஒரு நெம்புகோலைத் தயார் நிலையில் வைத்துவிடுகிறார். எழுப்பும் நொடியைத் தீர்மானிப்பது மென்பொருள். அந்தத் தகடுகளுக்கு ஸ்பாய்லர் என்று பெயர். அவை எழுந்ததும் இறக்கையின் தூக்குவிசை குலைந்து, விமானத்தின் எடை முழுக்க சக்கரங்களின் மேல் வந்து உட்காரும். எடை இருந்தால்தான் பிரேக் பிடிக்கும்.

இந்தத் தகடு சீக்கிரம் எழுந்தாலும் ஆபத்து, தாமதமாக எழுந்தாலும் ஆபத்து. 1970-ல் டொராண்டோவில் ஏர் கனடாவின் டிசி-8 விமானம் தரைக்குச் சுமார் 60 அடி உயரத்தில் இருந்தபோதே துணை பைலட் ஸ்பாய்லரை இழுத்துவிட்டார். 109 பேரும் இறந்தார்கள். அப்புறம் இந்த முடிவை மனிதன் கையில் மட்டும் விடுவானேன்? 'தரையைத் தொட்டாயிற்று' என்று சென்சார்கள் சொன்னால்தான் தகடு எழும் என்று விதி எழுதினார்கள். ஏர்பஸ் ஏ320-ன் பழைய விதியைச் சுருக்கினால் இப்படி வரும்: சக்கரங்களைத் தாங்கும் இடது கால், வலது கால் இரண்டிலும் 6.3 டன்னாவது எடை விழுந்து அமுங்கியிருக்க வேண்டும். அல்லது இடது சக்கரம், வலது சக்கரம் இரண்டுமே மணிக்குச் சுமார் 133 கி.மீ. வேகத்துக்கு மேல் சுழல வேண்டும்.

எழுதுவதற்கு இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரி சரி என்று எப்படி நிரூபிப்பது? 'ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தோம் சார், பிரச்சினை இல்லை' என்பதெல்லாம் இங்கே செல்லாது. பெருவிபத்தை உண்டாக்கக்கூடிய கோளாறு 100 கோடி பறப்பு மணிக்கு ஒரு முறைக்கு மேல் நேரக் கூடாது என்பது பயணிகள் விமானத்துக்கான அளவுகோல். 100 கோடி மணி என்பது 1,14,000 ஆண்டுகள். கீழடியில் ஆட்கள் குடியிருந்த காலத்தில் சோதனையைத் தொடங்கி இன்றுவரை நிறுத்தாமல் ஓட்டியிருந்தாலும் நூறில் மூன்று பங்கைக்கூடத் தாண்டியிருக்காது. ஆகவே ஓட்டிப் பார்ப்பதை நம்பாமல், எழுதிய விதத்தையும் சோதித்த விதத்தையும் கேள்வி கேட்கிறார்கள். அதற்கான தரநூல் டிஓ-178. மென்பொருளை ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. உயிர் போகும் வாய்ப்புள்ள ஏ நிலைக்கு 1992 பதிப்பு ஒரு கெடுபிடியான சோதனை முறையைக் கட்டாயமாக்கியது. எம்சிடிசி என்பார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஏ320 சேவைக்கு வந்தது அதற்கு முன்னால், 1988-ல். இருந்தாலும் நம் கையில் இருக்கும் விதியையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

நான்கு நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. மொத்தம் 16 சேர்க்கைகள். பதினாறுதானே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். 20 நிபந்தனை உள்ள விதி வந்தால் சேர்க்கைகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். எம்சிடிசி கேட்பது வேறு: ஒவ்வொரு நிபந்தனையும் தன்னந்தனியாக முடிவை மாற்ற வல்லது என்று காட்டு. திருவிழாவுக்கு சீரியல் செட் போடும் எலெக்ட்ரீஷியன், பழுதான பல்பைத் தேடும்போது ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்ற மாட்டார் அல்லவா, அதே புத்திதான்.

முதல் சோதனை: இரண்டு காலும் அமுங்கியிருக்கின்றன, இடது சக்கரம் மெதுவாகவும் வலது சக்கரம் வேகமாகவும் சுழல்கின்றன. தகடு எழ வேண்டும். இரண்டாவது: மற்ற மூன்றையும் தொடாமல் இடது காலின் அமுக்கத்தை மட்டும் எடுத்துவிடு. எழக் கூடாது. மூன்றாவது: முதல் நிலைக்குத் திரும்பி, வலது காலின் அமுக்கத்தை மட்டும் எடு. எழக் கூடாது. நான்காவது: இரண்டாவது நிலையிலிருந்து இடது சக்கரத்தை மட்டும் வேகமாக்கு. இப்போது எழ வேண்டும். ஐந்தாவது: அங்கிருந்து வலது சக்கரத்தை மட்டும் மெதுவாக்கு. எழக் கூடாது.

அவ்வளவுதான், ஐந்து! முதல் சோதனை இரண்டு நிபந்தனைகளுக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டாவதும் நான்காவதும்கூட அப்படியே இரட்டை வேலை பார்க்கின்றன. 20 நிபந்தனை இருந்தாலும், இப்படிச் சாமர்த்தியமாகக் கோத்தால் 21 சோதனை போதும். ஆனால் பிடி இறுக்கமானது. கால்கள் இரண்டுக்கும் நடுவே 'மற்றும்' வர வேண்டிய இடத்தில் புரோகிராமர் 'அல்லது' போட்டிருந்தால் இரண்டாவது சோதனையிலேயே தகடு எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். வலது சக்கரத்தை மறந்தே போயிருந்தால் ஐந்தாவதில் மாட்டுவார்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் "பையனுக்கு டெவலப்மென்ட் கிடைக்கல, டெஸ்டிங்லதான் போட்டிருக்காங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். விமான மென்பொருளில் எழுதுவதைவிடச் சரிபார்ப்பதற்குத்தான் அதிக உழைப்பு. எழுதியவரே தன் நிரலுக்குச் சான்றளிக்க முடியாது. ஏ நிலையில் வேறொருவர்தான் சரிபார்த்தாக வேண்டும். 2019-ல் பிரான்சில் ரஃபேல் விமானத்தை வாங்கிக்கொண்டபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். எலுமிச்சம்பழத்தோடு எனக்குச் சண்டை இல்லை, நாலு பழம் என்ன விலை வந்துவிடப் போகிறது. சோதனைக்கூடத்துக்கும் அதில் உட்காரும் ஆட்களுக்கும் காசு ஒதுக்கும்போது மட்டும் கை இழுக்கிறதே, அதோடுதான் சண்டை. பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகத்தில் பயணிகள் விமானக் கனவு எத்தனையோ வருடமாகக் காத்துக் கிடக்கிறது.

சரி, ஐந்து சோதனையும் தேறிவிட்டது. விமானம் பத்திரமா? 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் ஒரு லுஃப்தான்சா ஏ320 இறங்கியது. நல்ல மழை. பக்கக் காற்று வீசும் என்று எதிர்பார்த்து பைலட் விமானத்தைச் சற்றுச் சாய்த்து இறக்கினார். வலது சக்கரம் முதலில் பட்டது. இடது கால் அமுங்க இன்னும் 9 நொடி ஆனது. இரண்டு காலும் அமுங்கவில்லை என்பதால் முதல் வழி அடைபட்டது. தேங்கிய தண்ணீரில் டயர் வழுக்கியதால் சக்கரம் வேகம் பிடிக்கவில்லை; இரண்டாவது வழியும் அடைபட்டது. அந்த 9 நொடியும் தகடு எழவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஒரு மண்மேட்டில் மோதியது. எழுபது பேரில் இருவர் இறந்தார்கள்.

மென்பொருளில் பிழையே இல்லை. எழுதச் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது. எழுதச் சொன்ன விதியில்தான் அந்த மழைநாள் விட்டுப்போயிருந்தது. வேறு வேறு குழுக்களை வைத்து எழுதினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஏ320-ன் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு பாதிகள்: ஒன்று கட்டளையிடும், மற்றது கண்காணிக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதிய மென்பொருள். முடிவு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தானே விலகி, இன்னொன்றிடம் பொறுப்பைக் கொடுக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் இருவர் கையிலும் ஒரே விதித்தாள் இருந்தால், இரண்டு பாதியும் ஒரே தவறில் ஒத்துப்போய்விடும். நைட், லெவ்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் ஒரே கணக்குக்கு 27 பேரைத் தனித்தனியாக நிரல் எழுதவைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக, ஒரே இடத்தில் பலரும் சறுக்கியிருந்தார்கள்.

மழைநாளில் பைலட் தொம்மென்று இறக்கினால் திட்டாதீர்கள். தண்ணீரைக் கிழித்து டயர் தரையைப் பிடிக்கவும், கால் சட்டென்று அமுங்கவும்தான் அப்படி இறக்குகிறார்கள். 2,300 மீட்டருக்கும் சற்றுக் குறைவான மதுரை ஓடுபாதையில் 9 நொடியை வீணாக்க முடியாது. விதியையும் பிற்பாடு இளக்கினார்கள்: ஒரு பக்கக் கால் மட்டும் அமுங்கியிருந்தாலும், வேகத்தைக் குறைக்க பைலட் என்ஜினின் எதிர்விசையைக் கேட்டிருந்தால், தகடு 10 டிகிரி மட்டும் எழும். இப்படி ஒரு நிபந்தனை கூடினால் சோதனைகளையும் மறுபடி கோக்க வேண்டும், சான்றும் புதிதாக வாங்க வேண்டும். அதனால்தான் 2025 நவம்பர் கடைசியில், தீவிரமான சூரியக் கதிர்வீச்சு ஏ320 கம்ப்யூட்டர் ஒன்றின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் எச்சரித்தபோது, யாரும் அவசர அவசரமாகப் புதிய மென்பொருள் எழுதவில்லை. இந்தியாவில் மட்டும் 338 விமானங்களுக்கு அந்த வேலை வந்தது. பெரும்பாலானவற்றுக்கு, ஏற்கெனவே சோதனை தேறிப் பறந்து பழகிய முந்தைய பதிப்பையே திரும்ப ஏற்றினார்கள்.