சுவரில் இருப்பது சார்ஜர் இல்லை

புதிதாக எலக்ட்ரிக் கார் எடுத்தவர்கள் முதலில் கேட்பது "7.2 கிலோவாட் சார்ஜிங் பெட்டி மாட்டணுமா, 15 ஆம்ப் பிளக்கே போதுமா?" என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சுவரில் மாட்டும் அந்தப் பெட்டி சார்ஜரே இல்லை. வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்; பேட்டரிக்குப் போக வேண்டியது ஒரே திசையில் பாயும் டிசி. அதை மாற்றித் தரும் நிஜமான சார்ஜர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, சார்ஜ் ஏறும் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பதும் அதுதான். டாடா டியாகோ ஈவியில் 3.3 கிலோவாட் சார்ஜரோடு வரும் வேரியன்ட் இருக்கிறது, அதற்கு 7.2 பெட்டி வாங்கி மாட்டினாலும் 3.3-க்கு மேல் ஏறாது.

அப்புறம் பெட்டிக்கு என்ன வேலை? காரோடு பேசுவதுதான். காரில் செருகும் டைப் 2 கன்னில் இருக்கும் ஏழு பின்களில் ஒன்றுக்குப் பெயர் கன்ட்ரோல் பைலட். காரில் செருகாதவரை அதில் 12 வோல்ட் நிற்கும். செருகியதும் காரில் உள்ள ஒரு ரெசிஸ்டர் அதை 9 ஆக இறக்கிவிடும், வண்டி வந்துவிட்டது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே பெட்டி நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்கும் சதுர அலை ஒன்றை அனுப்புகிறது. அந்த அலை எத்தனை சதவீத நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது: அதை 0.6 ஆல் பெருக்கினால் கார் எத்தனை ஆம்ப் வரை இழுக்கலாம் என்று வரும், 25 சதவீதம் என்றால் 15 ஆம்ப். கார் தயாரானதும் வோல்ட்டை 6 ஆக இறக்கும், அப்போதுதான் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் 'டக்' என்று சேர்ந்து மின்சாரம் பாயும். காரோடு தரும் கேபிளின் நடுவில் தொங்கும் சின்னப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, 15 ஆம்ப் போதுமா? தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத் தேவை ஐந்தாறு யூனிட், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தாராளமாகப் போதும். ஆனால் பெட்டிக்குச் செலவழிக்காத காசை வயரிலும் சாக்கெட்டிலும் போடுங்கள். இதே மாதிரி பிளக்கில் ஓடும் கெய்சர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். பேட்டரி காலியாக வந்த கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் முழு லோடு இழுக்கும். பழைய சாக்கெட்டில் பின்னைப் பிடிக்கும் பித்தளை லூசாகி, அந்த ஒரு இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 15 × 15 × 0.1, அதாவது 22.5 வாட் வெப்பம், ஒரு பின்னின் முனையில்! சூட்டில் பித்தளை கறுக்கும், பிடி இன்னும் தளரும், தடை கூடும், சூடு அதைவிடக் கூடும். லோடு கூடினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் விழுமே என்று நம்ப வேண்டாம், அதன் கண்ணுக்குத் தெரிவது வழக்கமான 15 ஆம்ப்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது என்பதும் இதனால்தான். வீட்டின் மெயின் போர்டான டிபியிலிருந்து தனி எம்சிபி, கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நல்ல சாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள்; 32 ஆம்ப் இழுக்கும் 7.2 கிலோவாட் பெட்டி என்றால் வயர் 6 சதுர மில்லிமீட்டர். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, காரில் வசதி இருந்தால் 10 ஆம்ப்புக்குக் குறையுங்கள், அதே இடத்தில் 22.5 வாட் 10 வாட்டாகிவிடும்.

எர்த் சரியில்லை என்று தெரிந்தால் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோன வீடுகளில் இது சகஜம், பெட்டியைக் குறை சொல்லாமல் குழியைப் பாருங்கள்.

பில்லையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள். யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் என்றால் மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 125 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் கூடப்போவது 250, ஸ்லாப் மேலே ஏறும். இதில் மாற்றும்போது வீணாவதும் சேர்த்தி, அதனால் கார் திரையில் காட்டுவதைவிட மீட்டர் கூடத்தான் காட்டும்.

நடுராத்திரி கரன்ட் போனால் பதற வேண்டாம். வந்ததும் பெரும்பாலான பெட்டிகள் காரோடு அந்தப் பேச்சை முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்து, தானாகவே சார்ஜ் ஏற்றும். அந்தப் பாயின்ட்டை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மட்டும் இணைத்துவிடாதீர்கள், ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்த இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டைத் தாங்காது.