புரோட்டான் நிற்கும் இடம்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப் பரவலாகப் பயன்படும் ‘லைனாக்’ ஒரு நேர்கோட்டுத் துகள் முடுக்கி. சூடேற்றப்பட்ட இழையிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்கள், காற்று நீக்கப்பட்ட செப்புக் குழாய்க்குள் நுண்ணலைகளின் மின்புலத்தால் உந்தப்பட்டு, ஓரிரு மீட்டருக்குள்ளேயே ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுகின்றன. பிறகு அவை டங்ஸ்டன் தகட்டில் மோதி வேகம் இழக்கும்போது, இழந்த ஆற்றலில் ஒரு பகுதி எக்ஸ் கதிர்களாக வெளிப்படுகிறது. இத்தகைய கருவியால் 1953இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் முதன்முறையாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

எக்ஸ் கதிருக்கு நிற்கத் தெரியாது. தோலுக்குச் சற்றுக் கீழே அதிக ஆற்றலைக் கொட்டிவிட்டு, படிப்படியாக வலுவிழந்தபடி உடலின் மறுபக்கம் வரை செல்கிறது. அதனால்தான் கருவியின் தலைப்பகுதி நோயாளியைச் சுற்றிச் சுழன்று, பல கோணங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் மட்டும் ஒன்றுகூடும்படி செய்கிறது.

இதே சிகிச்சைக்குப் பயன்படும் புரோட்டானின் போக்கு வேறு. அணுக்கருவில் உள்ள, நேர்மின்னூட்டம் கொண்ட இத்துகள் வழியில் எதிர்ப்படும் அணுக்களின் எலக்ட்ரான்களைத் தட்டிக்கொண்டே செல்கிறது; வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவின் அருகிலும் கூடுதல் நேரம் இருப்பதால், இழக்கும் ஆற்றலும் கூடுகிறது. ஆகவே பயணம் முடியும் இடத்தில் பெரும் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ‘பிராக் உச்சி’ எனப்படும் இப்பண்பை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இல் எழுதினார். 1954இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை அளிக்கப்பட்டது.

நிற்கும் ஆழத்தைத் தீர்மானிப்பது தொடக்க ஆற்றல். 230 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நீரில் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் செல்லும். உச்சி மிகக் குறுகலானது என்பதால், சற்றே வேறுபட்ட ஆற்றல்களை அடுத்தடுத்துச் செலுத்திக் கட்டியின் முழுத் தடிமனையும் நிரப்புகிறார்கள். புரோட்டான் எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 1836 மடங்கு நிறை உடையது. அதை முடுக்கவும் வளைக்கவும் துகள்களைச் சுற்றவிட்டு முடுக்கும் சைக்ளோட்ரானோ சிங்க்ரோட்ரானோ, கனமான காந்தங்களோடு தேவைப்படுகிறது. செலவு கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

பிராக் உச்சியின் கூர்மையே புரோட்டான் சிகிச்சையின் பலவீனமும் ஆகிறது என்பது என் கருத்து. வழியிலுள்ள திசுவின் அடர்த்தியைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும், நோயாளியின் எடை குறைந்தாலும், உச்சி சில மில்லிமீட்டர் தள்ளிப்போகலாம். கட்டியை ஒட்டி மூளைத்தண்டு இருந்தால் அது சிறிய பிழையன்று. இதற்கு ஒரு தீர்வைப் புரோட்டானே தருகிறது: செல்லும் வழியில் சில அணுக்கருக்களை உடைத்து, பாசிட்ரானை (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) உமிழும் கார்பன்-11, ஆக்சிஜன்-15 போன்ற குறுகிய ஆயுள் கொண்ட ஐசோடோப்புகளை அது உருவாக்குகிறது. சிகிச்சையின் போதோ, முடிந்த உடனேயோ எடுக்கப்படும், பாசிட்ரான் உமிழ்வைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் அவை பரவியிருக்கும் விதத்தைக் கணிப்போடு ஒப்பிட்டு, கற்றை உடலுக்குள் எதுவரை சென்றது என்பதைச் சரிபார்க்கலாம்.