காற்றைப் பிழியும் இயந்திரம்

ஓர் ஊரில் வெயில் 40 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 10 சதவீதம். இன்னோர் ஊரில் 30 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம். வெளிக்காற்றை 25 டிகிரிக்குக் குளிர்வித்து, ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள எந்த ஊரில் ஏசி அதிகம் உழைக்க வேண்டும்?

இரண்டாவது ஊரில்தான், அதுவும் இரு மடங்குக்கு மேல். முதல் ஊரில் ஒரு கிலோ காற்றிலிருந்து ஏறக்குறைய 15 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். இரண்டாவது ஊரில் வெப்பநிலையைக் குறைக்க 5 கிலோஜூல்தான் ஆகும். ஆனால் அந்தக் காற்றிலுள்ள நீராவியில் 11 கிராமுக்கு மேல் தண்ணீராக்கியாக வேண்டும். நீராவி நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் கக்கும். அதையும் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். அது மட்டுமே சுமார் 28 கிலோஜூல். (சுவர் வழியே நுழையும் வெப்பத்தை இங்கே சேர்க்கவில்லை. அதில் 40 டிகிரி ஊருக்கே தொல்லை அதிகம்.)

ஏசியின் வடிகுழாயில் சொட்டுவது இப்படிப் பிழிந்தெடுத்த நீர்தான். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளான காயிலின் மேல் நீராவி படிந்து வழிகிறது. இந்த இயந்திரம் பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில், ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்களைப் பிசகச் செய்தது. அதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் தன் கருவியை வடிவமைத்தார். மனிதருக்குக் குளிர்ச்சி பிறகு கிடைத்த சலுகை.

உலர்ந்த ஊர்களுக்கு மலிவான மாற்று உண்டு. ராஜஸ்தானிலும் ஈரானிலும் ஏர்கூலர் நன்றாக வேலை செய்கிறது. நீர் ஆவியாகும்போது, அந்த 40 டிகிரி காற்று கோட்பாட்டளவில் 19 டிகிரி வரை இறங்கலாம். ஈரமான 30 டிகிரி காற்றோ 27க்குக் கீழே இறங்காது. அறைதான் இன்னும் நசநசக்கும். பாலைநிலமான அரிசோனாவில்கூட ஜூலை, ஆகஸ்ட் பருவமழையில் ஏர்கூலர் காலை வாரிவிடும்.

இரவிலும் இதே கதை. நிலம் வெளிவிடும் வெப்பக் கதிர்களை நீராவி பிடித்துவைப்பதால், சிங்கப்பூரின் இரவு 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உலர்ந்த கோடைகொண்ட ஸ்பெயினின் உட்பகுதியிலோ பகலில் சன்னலை அடைத்து, இரவில் திறந்து பிழைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானின் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் வெப்பத்தைவிட ஈரமே வதைக்கிறது. அதனால் அங்கே ஏசியின் 'ட்ரை' பொத்தானுக்குத் தனி மதிப்பு. சில மாடல்கள் காற்றை உலர்த்தியபின் அறை விறைத்துவிடாமல் சற்றுச் சூடாக்கியும் அனுப்புகின்றன.

தட்பவெப்பம் தேவையைச் சொல்லும். வாங்குவதைத் தீர்மானிப்பது வருமானம். பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2018 அறிக்கைப்படி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய 90 சதவீத வீடுகளில் ஏசி இருந்தது. உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடிப் பேரில் 8 சதவீதத்தினரிடமே இருந்தது.

வசதி இருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: சிறிய அறைக்குப் பெரிய ஏசி. அது சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய நேரம் போதாது. காயிலில் படிந்த நீரும் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பும். அறை சில்லென்று இருக்கும். போர்வை நமுத்துக் கிடக்கும்.