கைக்குத் தட்டுப்படாத நெறி

இந்த மாதமும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அப்படி ஒரு ஜாடி வந்தது. உள்ளே 3 சென்டிமீட்டர் மார்புக் கட்டி மட்டும். அக்குளிலிருந்து ஒரு நெறிகூட, அதாவது நிணநீர்க் கணுகூட, இல்லை. கூடவே வந்த சீட்டில் 'அக்குளில் வீக்கம் இல்லை' என்று ஒரே வரி. கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மாவுடைய கட்டி அது. புற்றுநோய்தான். "அக்குளில் ஒன்றுமில்லை என்று கையால் பார்த்தே சொல்லிவிட்டார்களே, மேடம். இன்னொரு ஆபரேஷன் எதற்கு?" என்று அவருடைய மகன் கேட்டார். குன்னூரில் திசுப் பரிசோதனை செய்யும் மருத்துவர் நான். இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் சொல்வது?

அக்குள் கொழுப்புக்குள் இருபது முப்பது நெறிகள் புதைந்து கிடக்கின்றன. கையால் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பெண்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அவற்றில் நோய் இருக்கிறது. ஸ்கேன் கையைவிட மேல். ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நோயை அதுவும் தவறவிடும். நம் மலையில் இன்னொரு குழப்பமும் உண்டு. கவாத்து வெட்டிய குச்சி கீறி, கூடலூர்ப் பக்கம் அட்டை கடித்து, கைப்புண் சீழ் பிடித்தால் அக்குளில் நெறி கட்டும். அந்தப் பெரிய நெறியை வெட்டிப் பார்த்தால் வெறும் அழற்சி. பக்கத்திலேயே, விரலுக்குச் சிக்காத சின்ன நெறியில், மேலுறைக்குச் சற்றுக் கீழே புற்றணுக்கள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். வீக்கம் இருந்தால் பரவல், இல்லையென்றால் இல்லை என்ற கணக்கு இரண்டு பக்கமும் பொய்க்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மார்பில் நீலச் சாயம் செலுத்தினால் அது முதலில் எந்த நெறிக்கு வடிகிறதோ, அதுவே காவல் நெறி. அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்து அனுப்பினால் போதும். 2 மில்லிமீட்டர் சீவல்களாக அரிந்து பார்ப்போம். நடுவே ஒரே வெட்டு வெட்டிவிட்டு 'நோய் இல்லை' என்று எழுதுவது எங்கள் துறையிலும் நடக்கிறது. அதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

நெறியில் நோய் என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் எழவு விழுந்ததைப் போல அழாதீர்கள். 2011இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோய் இல்லை என்று முதலில் சொல்லப்பட்ட 3,887 பெண்களின் நெறிகளை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தார்கள். 15.9 சதவீதம் பேருக்கு ஒளிந்திருந்த நோய் வெளிப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 94.6 சதவீதம். மற்றவர்களில் 95.8. பெரும்பாலோர் மருந்துச் சிகிச்சையும் எடுத்தவர்கள்.

அப்படியானால் பார்க்காமலே விடலாமே என்பீர்கள். ஒளிந்திருப்பது நாலு அணுவா, நாலு நெறியா என்று எடுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஒன்று முதல் மூன்று நெறிகள் வரை ஒரு நிலை, நான்கைத் தொட்டால் வேறு நிலை, பத்தைத் தொட்டால் இன்னும் வேறு. கதிர்வீச்சும் மருந்தும் அதைப் பார்த்தே முடிவாகின்றன. 2 சென்டிமீட்டருக்குள் கட்டி, ஸ்கேனில் அக்குள் சுத்தம் என்றால் சிலருக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறார்கள் இன்று. ஆனால் அது ஸ்கேனையும், கட்டி ஹார்மோனால் வளர்வதா என்று அதன் சதையில் பார்க்கும் ஹார்மோன் பரிசோதனையையும் வைத்து எடுக்கும் முடிவு. அந்த அம்மாவுக்கு அக்குள் ஸ்கேனே எடுக்கவில்லை.

'கை வீங்கிவிட்டால் கூடை எப்படித் தூக்குவேன்?' என்று கேட்கும் பெண்களின் பயம் நியாயமானது. ஆனால் அக்குள் நெறிகள் முழுவதையும் எடுக்கும்போது உள்ள ஆபத்தைவிட, காவல் நெறியை மட்டும் எடுக்கும்போது உள்ள ஆபத்து மிகக் குறைவு. ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும் பலருக்கு முழு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. எதற்கும் அந்தக் கையில் கீறல் பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள்.

கட்டியை அவசரப்பட்டு வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஊசி பயாப்ஸி, அக்குள் ஸ்கேன். எடுத்த சதையை உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்புவதைப் பார்த்தால் தடுங்கள். ஃபார்மலினில் போட வேண்டும், சதையைப் போலப் பத்து மடங்கு. உப்புத் தண்ணீரில் அழுகிப்போன சதையில் ஹார்மோன் பரிசோதனையை நம்ப முடியாது. கோயம்புத்தூருக்குச் சிகிச்சைக்கு இறங்கும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள். பரிசோதனைக் கூடத்தில் கேட்டு சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் அதன் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.