வைக்கிங்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்குரிய சொல்லும்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தோடு ஒரு கல் பாலத்தால் இணைந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. திருச்சபை மன்றம் கூடுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 1993 முதல் அங்கே டப்ளினியா என்ற அருங்காட்சியகம் இயங்குகிறது. டப்ளின் என்ற பெயரின் பழைய லத்தீன் வடிவம்தான் டப்ளினியா. உள்ளே வைக்கிங் டப்ளின், இடைக்கால டப்ளின் என்று இரண்டு பெரிய பகுதிகள். அகழாய்வைப் பற்றிய பகுதி தனி. முதல் பகுதியில் போர்க்கப்பல் வாழ்க்கை, அடிமை வாணிகம், வீடு, சந்தடி மிகுந்த தெரு என்று எல்லாவற்றையும் கண்முன் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். கப்பலில் வாளோடு வந்தவருக்கும் வீட்டில் அடுப்பெரித்தவருக்கும் சேர்த்து மேலே ஒரே பெயர்தான்: வைக்கிங். தமிழிலும் 'வைக்கிங் இனத்தவர்', 'வைக்கிங் மொழி' என்று எழுதிப் பழகிவிட்டோம். இது திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம். வைக்கிங் இனப்பெயர் அல்ல. முதலில் அது ஒரு செயலின் பெயர், அப்புறம் அந்தச் செயலைச் செய்தவரின் பெயர்.

8ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 11ஆம் நூற்றாண்டின் நடு வரையான வைக்கிங் காலத்தில் ஸ்காண்டிநேவியர், அதாவது இன்றைய நோர்வே, சுவீடன், டென்மார்க் பகுதி மக்கள், பேசிய மொழிக்குப் பழைய நோர்ஸ் என்று பெயர். அதில் இரண்டு சொற்கள் உண்டு. 'வீக்கிங்' என்பது பெண்பால் பெயர்ச்சொல். கடல் கடந்து போய்ச் சூறையாடி வரும் பயணம் என்று பொருள். 'வீக்கிங்க்ர்' என்பது ஆண்பால். அப்படிப் போகிற ஆள். 'வீக்கிங் போனான்' என்று சொல்வார்களே தவிர, 'வீக்கிங் குலத்தில் பிறந்தான்' என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்குச் சான்று கல்லிலேயே இருக்கிறது. இன்றைய தெற்கு சுவீடனில் வெஸ்ட்ரா ஸ்ட்ரோ என்ற ஊரில் ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. அண்ணனோ தம்பியோ, வடக்கே 'வீக்கிங்கில்' இறந்துபோன உடன்பிறந்தவனுக்காக ஒருவர் பொறித்து வைத்தது. அங்கே அந்தச் சொல் பயணத்தைக் குறிக்கிறது, சந்தேகமே இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது சுவீடனின் உப்லாந்து பகுதியில் ப்ரூ தேவாலயத்தின் அருகே இருக்கும் கல். கணவன் நினைவாக ஒரு பெண் பாலம் கட்டி, கல்லும் நாட்டியிருக்கிறாள். அந்தக் கணவன் என்ன வேலை பார்த்தான்? 'வீக்கிங்க்ர்களுக்கு எதிரான காவலன்'. நாம் வைக்கிங் நாடு என்று சொல்லும் நாட்டிலேயே, வைக்கிங் காலத்திலேயே, வைக்கிங்குகள் வந்துவிடாமல் கரையில் காவல் இருந்திருக்கிறார்கள். இனப்பெயராக இருந்தால் இந்த வரிக்குப் பொருளே வராது.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டர்லுசன் எழுதிய நோர்வே மன்னர் வரலாற்றில் இன்னொரு இடம். பிற்காலத்தில் நோர்வேயின் அரசனான ஓலாவ் ட்ரிக்வாசன், சிறு குழந்தையாகத் தாயோடு கடலில் போகும்போது 'வீக்கிங்க்ர்கள்' மறித்துப் பிடிக்கிறார்கள். உடனே ஸ்நோரி விளக்கம் தருகிறார்: அவர்கள் எஸ்தோனியர். எஸ்தோனியர் ஸ்காண்டிநேவியரே அல்லர், மொழியும் வேறு குடும்பம். அவர்களையும் அதே சொல்லால் குறிப்பதில் ஸ்நோரிக்குத் தயக்கமில்லை. அந்தப் பிள்ளையை முதலில் ஓர் ஆட்டுக்கும் பிறகு ஒரு நல்ல மேலாடைக்கும் விற்றார்கள் என்றும் எழுதுகிறார். டப்ளினியாவில் அடிமை வாணிகத்தைக் காட்டும் இடத்தில் நிற்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொண்டால் அந்த விலை உறைக்கும். டப்ளின் அக்காலத்தில் பெரிய அடிமைச் சந்தை.

சரி, வேர் எது? அறிஞர்களிடையே இன்னும் முடிவாகாத வழக்கு இது. 'வீக்' என்றால் பழைய நோர்ஸில் குடா, கடல் உள்வாங்கிய கழி. ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவீக் என்ற பெயரின் பின்பாதி அதுதான். 'புகைக்குடா' என்று பொருள். குடாவில் ஒளிந்திருந்து தாக்கியவர் வீக்கிங்க்ர் என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். கேட்க நன்றாக இருந்தாலும், அந்த நாட்டில் பாதிப் பேர் குடாவோரம்தான் குடியிருந்தார்கள் என்பதால் அது யாரையும் தனித்துக் காட்டாது. ஒஸ்லோ கடற்கழியைச் சுற்றிய பகுதிக்கு வீக்கென் என்று பெயர். அந்த ஊர்க்காரர் என்பது இன்னொரு விளக்கம். மூன்றாவது, பழைய ஆங்கிலத்தின் 'வீச்', அதாவது தங்கல், வாணிகக் குடியிருப்பு. இதற்கு ஒரு பலம் உண்டு: 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் தாக்கப்பட்டதைத்தான் வைக்கிங் காலத்தின் தொடக்கமாகச் சொல்கிறோம், ஆனால் அதற்கு முன்பே ஒரு பழைய ஆங்கிலச் சொற்பட்டியலில், லத்தீன் கடற்கொள்ளைச் சொல்லுக்கு நேராக இந்தச் சொல் வந்துவிட்டது. நான்காவது 'விக்கா': துடுப்பு வலிப்பவர்கள் முறை மாறும் வரை கப்பல் போகும் தொலைவு. எனக்கு இதுவே மனதுக்கு ஒப்புகிறது. பயணத்தைக் குறிக்கும் பெண்பால் சொல் எப்படி வந்தது என்பதை மற்ற மூன்றும் விளக்குவதில்லை. துடுப்பு முறையிலிருந்து தொடங்கினால் நெடுங்கடல் பயணம் என்ற பொருளுக்கு நேராகப் போய்விடலாம்.

அக்காலத்தில் தாக்கப்பட்டவர்கள் அவர்களை வைக்கிங் என்று அழைத்ததே அரிது. ஆங்கிலேயர் 'டேனியர்' என்றும் 'புறச்சமயத்தார்' என்றும் எழுதினார்கள். இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்குகளுக்கு 'வடக்கத்தியர்'. பைசாந்தியப் பேரரசில் 'வராங்கியர்', கிழக்கு ஐரோப்பாவில் 'ரூஸ்'. ரஷ்யா என்ற நாட்டுப் பெயர் அதில் பிறந்தது. அயர்லாந்துக்காரர்கள் 'கால்' என்றார்கள், அயலான் என்று பொருள். டப்ளினுக்கு வடக்கே இருக்கும் ஃபிங்கல் மாவட்டம், வடமேற்கே டொனிகால் என்ற பெயர், இரண்டிலும் அந்த அயலான் இன்றும் இருக்கிறான். டாயில் என்ற ஐரிஷ் குடும்பப் பெயர் 'கரிய அயலான்' என்பதன் திரிபு.

டப்ளினில் குடியேறியவர்களே பிற்காலத்தில் தங்களை என்ன பெயரில் சொல்லிக்கொண்டார்கள் தெரியுமா? 'ஒஸ்ட்மென்', கீழ்த்திசையார். 1170இல் ஆங்கிலோ நார்மன் படை, அதாவது இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் படை, நகரத்தைப் பிடித்தபின் இவர்களில் பலர் லிஃபி ஆற்றுக்கு வடகரையில் குடியமர்ந்தார்கள். அந்த இடம் ஒஸ்ட்மென் நகர், நாளடைவில் ஒக்ஸ்மன்டவுன் ஆயிற்று.

சூறையாடுபவர் எப்படி நகரத்தார் ஆனார்கள் என்பதற்கு டப்ளினே சிறந்த எடுத்துக்காட்டு. 841இல் அங்கே கப்பல்களைக் கரையேற்றிக் காவலரண் கட்டித் தங்கினார்கள். ஐரிஷ் மொழியில் 'துவ் லின்', கருங்குளம், என்ற இடப்பெயர் டப்ளின் ஆனது. 902இல் ஐரிஷ் அரசர்கள் விரட்ட, 917இல் திரும்பி வந்தார்கள். பட்டுத்தாடி சிட்ரிக் என்ற நோர்ஸ் அரசன் ஏறத்தாழ 997இல் அயர்லாந்தின் முதல் நாணயங்களை அடித்தான். இன்று டப்ளினியாவோடு பாலம் போட்டு நிற்கும் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தை 1030ஐ ஒட்டி நிறுவியவனும் அவனே. இவனை வைக்கிங் என்று எழுதினால் வாசகர் மனதில் என்ன படம் வரும்? கொம்பு வைத்த தலைக்கவசம்! அந்தக் கொம்புகூட 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு ஆடை வடிவமைத்தவர் வைத்தது. நோர்வேயின் யெர்முண்ட்பூவில் 1943இல் கிடைத்த உண்மையான தலைக்கவசத்தில் கொம்பு இல்லை.

பேராலயத்துக்குக் கீழே ஆற்றோரம் வுட் கீ என்ற இடத்தில் 1970களில் தோண்டியபோது நோர்ஸ் நகரமே வெளிப்பட்டது. கழி நட்டு விளார் பின்னிய படல் சுவர்கள், வேலிகள், நடைபாதைகள், ஈரமண்ணில் அழுகாமல் அப்படியே. அந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம் கட்டக் கூடாது என்று 1978இல் ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். அப்படியும் கட்டடம் எழும்பிவிட்டது. நினைத்தால் இன்றும் ஆறவில்லை. பழைய டப்ளின் அகழாய்வுகளில் கிடைத்தவற்றுள் சீப்புகளைப் பாருங்கள். மான்கொம்பைச் சிறு தகடுகளாக அறுத்து, இரண்டு பட்டைகளுக்கு இடையில் வரிசையாகச் செருகி, ஆணி அடித்து இறுக்கி, அதன்பிறகே பல் அறுத்திருக்கிறார்கள். ஒரு தகடு உடைந்தாலும் மற்றவை நிற்கும். அறுத்தெறிந்த கொம்புத் துண்டுகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. அந்தச் சீப்புக்காரர் நோர்ஸ் மொழி பேசியிருக்கலாம், அவர் மனைவி ஐரிஷ் பெண்ணாக இருந்திருக்கலாம். அவரை வைக்கிங் என்பது எந்த வகையில் சரி?

அதே ஊர்தான் போர்க்கப்பலும் கட்டியது. டென்மார்க்கின் ரோஸ்கில்ட கடற்கழியில் 1962இல் வெளியே எடுத்த கப்பல்களில் ஒன்று, சுமார் 30 மீட்டர் நீளம். ஓக் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டு, அது 1042ஐ ஒட்டி டப்ளின் பகுதியில் கட்டியது என்று கண்டுபிடித்தார்கள். அதைப் போலவே செய்த ஒரு கப்பல் 2007இல் டென்மார்க்கிலிருந்து டப்ளின் வரை கடலில் வந்து சேர்ந்தது.

தமிழுக்கு வருவோம். 'வைக்கிங்' என்ற உச்சரிப்பு ஆங்கில வழி வந்தது. ஆங்கிலத்திலும் அது தொடர்ந்து வழங்கிய சொல் அல்ல. மறைந்துபோய், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்கதை ஆர்வலர்கள் நோர்ஸிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டது. ஸ்காண்டிநேவியர் இன்றும் 'வீக்கிங்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் வைக்கிங் நிலைத்துவிட்டது, அதை மாற்றிக் குழப்ப வேண்டாம்.

பொருள் பெயர்ப்பில்தான் கவனம் வேண்டும். 'கடற்கொள்ளையர்' என்று பலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் நடுக்கடலில் கப்பலை மறிப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். வைக்கிங்குகள் பெரும்பாலும் தாக்கியது கரையை: மடங்களை, ஆற்றுத் துறைகளை. அவர்கள் கப்பலுக்குச் சுமார் ஒரு மீட்டர் ஆழம் போதும், ஆற்றிலும் ஏறும். 'கடலோடிகள்' என்றால் சூறையாடல் மறைந்து போகிறது. 'வடவர்' என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் வேங்கடத்துக்கு அப்பால் பார்ப்பாரே தவிர வடகடலைப் பார்க்க மாட்டார்.

நம் இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய கருத்து ஒன்று இருக்கிறது: வெட்சி. வெட்சியும் ஒரு செயலின் பெயர்தான். பூச்சூடிப் போய் ஆநிரை கவர்பவர் வெட்சி மறவர். வெட்சி என்றொரு இனம் கிடையாது. தொல்காப்பியம் இதை 'வேற்றுப்புலக் களவு' என்கிறது. நோர்ஸ் சொல்லுக்கு அகராதியில் எழுத வேண்டிய விளக்கமே இதுதான்! வேறுபாடும் உண்டு. வெட்சியில் வேந்தன் ஏவிப் போகிறார்கள். வீக்கிங்கில் பெரும்பாலும் கப்பல் வைத்திருந்தவரே ஆள் சேர்த்துப் போனார். அதனால் வெட்சியையே மொழிபெயர்ப்பாக வைக்க முடியாது. ஆனால் செயலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று அந்த அமைப்பைப் பின்பற்றலாம். என் பரிந்துரை: பயணத்துக்குக் 'கடற்சூறை', அதில் போனவருக்குக் 'கடற்சூறையர்'. சூறை என்பதில் கொள்ளையும் இருக்கிறது, எதிர்பாராமல் அடிக்கும் காற்றின் வேகமும் இருக்கிறது. மக்களுக்கும் மொழிக்கும் 'நோர்ஸ்'. 'வைக்கிங்' என்பதைக் காலத்தின் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: வைக்கிங் காலம்.

'இடைக்காலம்' பற்றியும் ஒரு வார்த்தை. பண்டைய ரோமுக்கும் மறுமலர்ச்சிக்கும் இடைப்பட்டது என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்த கருத்து இது. ஸ்காண்டிநேவியாவில் வைக்கிங் காலம் முடிந்த பிறகே, 11ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, இடைக்காலத்தைக் கணக்கிடுகிறார்கள். அயர்லாந்து, இங்கிலாந்து வரலாற்றிலோ வைக்கிங் காலமே இடைக்காலத்தின் முற்பகுதி. டப்ளினியா இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பது பார்வையாளரின் வசதிக்காக. பிரிக்கும் கோடு நார்மன்கள் வந்த 1170.

இதையெல்லாம் வைத்து ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்க்கலாம். 'வைக்கிங் இனத்தவர் டப்ளினை நிறுவினர்' என்று வழக்கமாக எழுதுவோம். 'நோர்ஸ் கடற்சூறையர் 841இல் லிஃபிக் கரையில் தங்குமிடம் அமைத்தனர். அது பின்னர் நோர்ஸ், ஐரிஷ் மக்கள் கலந்து வாழ்ந்த வாணிக நகரமாயிற்று' என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் சீப்புக்காரருக்கும் அதில் இடம் இருக்கிறது.