காயாத பசை

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய ஆர்வி ஒன்று வாங்கினோம். குளிக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஸ்கைலைட் மழை பெய்தால் ஒழுகுகிறது. இரண்டு முறை சிலிகான் பசை அடித்தேன், ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. ஏன்?"

ஆர்வி என்பது சக்கரம் வைத்த வீடு. குளிக்கும்போது தலை இடிக்காமல் இருக்கவும் வெளிச்சத்துக்காகவும் கூரையை வெட்டி, பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பில் ஸ்குரூ போட்டிருப்பார்கள். அதுதான் ஸ்கைலைட்.

சூடானால் பொருள்கள் விரியும், சரி. எல்லாம் ஒரே அளவு விரியாதே! ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு, கூண்டு செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக் சுமார் 0.07 மி.மீ. விரியும், அலுமினியம் 0.023 தான். விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 75 செ.மீ. கூண்டு 2 மி.மீ. நீளும். அடியில் இருக்கும் அலுமினியச் சட்டம் 0.7 மி.மீ.யோடு நின்றுவிடும். மிச்சம் ஸ்குரூ ஓட்டைகளில் போய் முட்டும். விரிசல் அங்கிருந்து கிளம்புவது அதனால்தான்.

சிலிகான் காய்ந்தால் ரப்பர். அரை மி.மீ. தடிமனில் பூசியதை, அதைவிட அதிக தூரம் தினமும் இழுத்தால் ஒருநாள் ஓரம் விட்டுவிடும். அந்த மயிரிழை இடுக்கு போதும். மழையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், எதிர்க்காற்றின் அழுத்தமே தண்ணீரை நாலரை செ.மீ. மேலே தள்ளிவிடும்.

இதற்கு மருந்து பியூட்டைல் டேப், அதாவது பியூட்டைல் என்ற ரப்பரில் செய்த பிசுபிசுப்பான பட்டை. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் இது காய்வதே இல்லை. பலாப்பழம் அறுக்கும்போது கையில் ஒட்டும் பாலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை நெடுநீள மூலக்கூறுச் சங்கிலிகள், அசல் இடியாப்பச் சிக்கல். வெடுக்கென்று இழுத்தால் சங்கிலிகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு விறைக்கும். மெல்ல இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். வெயில் கூண்டை நீட்டுவது மணிக்கணக்கில்; டேப்புக்கு அது மிக நிதானமான இழுப்பு. அது கிழியாமல் கூடவே நகர்ந்து கொடுக்கும். தவிர, இந்தச் சங்கிலிகள் நெருக்கமாக அடைந்து கிடப்பதால் காற்றும் ஈரமும் எளிதில் ஊடுருவ முடியாது. 1937-ல் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வகத்தில் பிறந்த பியூட்டைல் ரப்பர் டயர் டியூபுக்குப் போனது இந்தக் குணத்தால்தான். சூயிங்கத்திலும் இதன் உறவுக்காரர் உண்டு!

இனி வேலை. கூண்டில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய சிலிகானைத் துளி விடாமல் சுரண்டுங்கள், அதன்மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. சுத்தம் செய்ய அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். விளிம்புக்கு அடியில் டேப், ஸ்குரூவைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை, மிதமான முறுக்கு. பிதுங்கியதை வெட்டிவிட்டு, அந்தக் கூரைக்கென்று விற்கும் சீலன்ட்டை (இடுக்கை அடைக்கும் பசை) மேலே ஊற்றுங்கள். அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை ஏறிப் பாருங்கள். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்க மறக்காத நம்மவர்கள், கூரையை மட்டும் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஆனால் பிரிப்பதற்கு முன் ஒன்று. சொட்டும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பிளைவுட் வழியே வெகுதூரம் ஓடிவந்து சொட்டும். ஒருவர் மேலே, தாழ்ந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி ஹோஸால் தண்ணீர் விடட்டும். இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும்.