ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

பினாங்கில் தமிழ்ப்பள்ளிக் குறைநீக்கல் வகுப்பு (வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) எடுக்கிறேன். முதலாம் ஆண்டுப் பெற்றோர் பலரும் சொல்வது இதுதான்: "க, கா, கி, கீ எல்லாம் ஒப்பிப்பான் டீச்சர். புத்தகத்தைக் கொடுத்தால்தான் முழிக்கிறான்."

247 எழுத்துகளையும் ஒப்பிக்கக் காதும் ஞாபகமும் போதும். வாசிக்க, கண்ணில் படும் எழுத்தை ஒலியாக்கி, ஒலிகளைக் கோக்க வேண்டும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வரிசையைக் கலைத்து 'லை', 'டீ', 'மொ' என்று எழுதிக் கேளுங்கள். அப்புறம் 'கோடில்', 'மெபு' மாதிரி பொருளே இல்லாத சொற்களைக் கொடுங்கள். லிட்டில் இந்தியாவில் 'நகைக்கடை' பலகையைப் படிப்பதெல்லாம் கணக்கில் சேராது. கண்ணாடிக்குள் மின்னுவதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், கெட்டிக்காரர்கள்.

பலர் தடுக்குவது கொம்பில்தான். 'கொடு' என்பதில் முதலில் கண்ணில் படுவது கொம்பு. வாயில் முதலில் வரவேண்டியதோ 'க்'. ஒவ்வொரு குறியாக விரல் வைத்துப் படிக்கும் பிள்ளை 'கெ' என்று தொடங்கி, கால் வந்ததும் நின்றுவிடும். அதனால் 'கொ' முழுவதையும் ஒரே அட்டையில் காட்டுகிறேன். அதற்கும் முன்பு, எழுத்தே இல்லாமல் எடு–ஏடு, கொடு–கோடு என்று சொல்லி, நெடில் கேட்டால் கையை நீட்டச் சொல்வேன். காது பிரித்தறிந்த பிறகுதான் அட்டை. 'கௌ' வரிசைக்கு அவசரமே இல்லை.

'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை விதி தெரியாமலே இதைச் சரியாகச் சொல்லும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு அந்தத் துணை இல்லை.

போதாததற்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகள். ரோமன் எழுத்து 'சி' (c), மலாய் 'சாவான்' (cawan, கோப்பை) என்பதில் 'ச்'. ஆங்கில 'கேட்' (cat, பூனை) என்பதில் 'க்'. மலாய் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும், அசை அசையாகக் கூட்டினால் வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. ஒரே மாலையில் மூன்று புத்தகத்தையும் உரக்கப் படிக்க வைக்காதீர்கள், பாவம்.

சில மாதங்கள் பழக்கியும் எழுத்தோடு ஒலி ஒட்டவில்லையா? டியூஷன் டீச்சரை மாற்றுவதற்கு முன் கண்ணையும் காதையும் சோதியுங்கள். இரண்டும் சரியென்றால், அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, குழந்தை மருத்துவரிடம் டிஸ்லெக்சியா (எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் சிரமம்) பற்றிக் கேளுங்கள். போகும்போது பிள்ளையின் மூன்று மொழிப் பயிற்சிப் புத்தகங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.